மலை தெரிந்தவர் திரும்பச் சொன்னால் திரும்புங்கள்

மண்ணச்சநல்லூரிலிருந்து மலைக்குப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு,



புரட்டாசி வரப்போகிறது. சனிக்கிழமை விடிவதற்கு வெகுநேரம் முன்பே நீங்கள் வண்டியைக் கிளப்புவீர்கள். நொச்சியம் போய் நாமக்கல் சாலையைப் பிடித்து, குணசீலத்தில் வண்டியை நிறுத்தாமலே பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முசிறியில் டீ குடித்து, வெளுக்கும் நேரத்தில் தலைமலை அடிவாரத்தில் இருப்பீர்கள். உங்களில் சிலர் துறையூர் வழியாகப் புளியஞ்சோலைக்கும் பச்சைமலைக்கும் போவீர்கள். இன்னும் துணிந்தவர்கள் பர்வதமலை, வெள்ளியங்கிரி, பொதிகை என்று திட்டம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்நேரம் தேதி முடிவாகியிருக்கும், தலைக்கு இவ்வளவு என்று கணக்கும் போட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கைப் பற்றிப் பேசத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நெல் அவிக்கும் புகைக்கும் ஆலைச் சத்தத்துக்கும் நடுவில் பிறந்து வளர்ந்த நமக்கு, வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும் நாட்களில் தொலைவில் நீலமாகத் தெரியும் அந்த மலைகள்மேல் ஆசை வராமல் இருக்குமா? எனக்கும் வந்தது. நானும் ஏறினேன். முகட்டில் நின்று இரண்டு பக்கமும் பள்ளத்தைப் பார்க்கிறபோது வயிற்றுக்குள் ஏதோ புரளுமே, அது எனக்கும் தெரியும். அதை உங்களிடமிருந்து பிடுங்கும் எண்ணம் எனக்குக் கிடையாது. நீங்கள் போவதைவிட, போகிற விதம்தான் என்னைப் பயப்படுத்துகிறது.

தலைமலையிலிருந்து தொடங்குகிறேன், அது நம் மாவட்டத்து மலை. சஞ்சீவி மலையின் தலைப்பகுதி என்று ஊர் சொல்லும் அந்த உச்சியில் சஞ்சீவிராயப் பெருமாள் கோயில் பாறையின் ஓரத்தை ஒட்டியே நிற்கிறது. கோயில் சுவருக்கும் பள்ளத்துக்கும் நடுவே, பாதம் முழுதாகப் பதியாத ஒரு விளிம்பு. சுவரில் துருத்தி நிற்கும் கற்களை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, வேண்டுதலுக்காக அந்த விளிம்பில் கோயிலைச் சுற்றி வரும் வழக்கம் இருந்தது. கீழே பிடிமானம் எதுவும் கிடையாது. 2017 ஜூலையில் அப்படிச் சுற்றிவந்த ஒருவர், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணெதிரிலேயே கைநழுவி விழுந்து இறந்தார். யாரோ கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்த காணொளி ஒரே நாளில் உலகம் முழுக்கப் போனது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், பலர் மற்றவர்களுக்கும் அனுப்பியிருப்பீர்கள். அதன் பிறகு அந்தச் சுற்றுக்குத் தடை வந்தது.

அந்தக் காணொளியைப் பார்த்த பிறகும் உங்களில் ஒருவர், "அவர் பிடியை விட்டுட்டார்ணே, நம்ம விடமாட்டோம்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. விழுந்தவரும் புதியவரைப்போல நடுங்கிக்கொண்டு போகவில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தார். பாறை விளிம்பில் நன்றாகப் போவதற்கும் விழுவதற்கும் நடுவே நமக்குத் தெரிகிற மாதிரி எந்த இடைவெளியும் இல்லை. கையில் கொஞ்சம் வேர்வை, கல்லில் கொஞ்சம் ஈரம், முந்தின இரவு கண்விழித்து வண்டி ஓட்டிவந்த அசதி, இதில் ஏதோ ஒன்று போதும். பெருமாளை வலம்வர உள்பிராகாரம் இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்தால்தான் வேண்டுதல் பலிக்கும் என்று எந்தப் பெருமாளும் சொல்லவில்லை. தடை இருக்கிறதா, காவலுக்கு ஆள் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஆள் இல்லாத நாளிலும் அந்த விளிம்பில் கால் வைக்காதீர்கள்.

"சனிக்கிழமை ஆயிரக்கணக்கான ஜனம் ஏறுது, வழி தெரியாமப் போக அங்க என்னண்ணே இருக்கு" என்று கேட்பீர்கள். ஜனம் ஏறுகிற பாதையில் வழி தவறாதுதான். ஆனால் 2017இல் அந்த விளிம்பைச் சுற்றியும் ஜனம் நின்றது. கூட்டம் வேடிக்கை பார்க்கும், கோவிந்தா போடும், படம் எடுக்கும். 'இந்தக் கல் ஆடும், இங்கே வராதே' என்று கூட்டம் சொல்லாது, அதற்குத் தெரியாது. அது தெரிந்த ஒருவர் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது மேகம். புரட்டாசி பாதியிலிருந்து கார்த்திகை வரை நம் பக்கத்து மலைகள் எல்லாம் மேகத்துக்குள் போய்விட்டு வரும். சமவெளியின் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்துபோகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். அந்தக் குளிரில் ஈரம் நீர்த்துளியாக மாறி முகட்டின்மேல் கவிகிறது. கொல்லிமலை ஆயிரத்திலிருந்து ஆயிரத்து முந்நூறு மீட்டர் வரை உயரம். மண்ணச்சநல்லூரில் வெயில் சுள்ளென்று அடிக்கும் காலையிலும் அங்கே முகடு மூடியிருக்கும். கீழே நின்று பார்த்தால் அழகாக இருக்கும், பஞ்சு மாதிரி என்று எழுதிப் படம் போடுவீர்கள். உள்ளே நிற்பவனுக்கு அது வேறு.

உள்ளே நின்றால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதலில் தூரம் போய்விடும். எதிர்முகட்டில் இருந்த ஒற்றை மரம் காணாமல் போகும், பிறகு முன்னால் போகிறவரின் முதுகு சாம்பல் நிறமாகும், பிறகு அதுவும் இருக்காது. பாறையின் ஓரம் எங்கே முடிகிறது, வெற்று வெளி எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது, இரண்டும் ஒரே வெள்ளை. கூப்பிட்டால் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. கால்மணி முன்பு வரை செருப்பில்லாக் காலுக்குச் சொரசொரப்பாக இருந்த பாறை, அதன்மேல் படிந்திருக்கும் கரும்பாசி ஈரம் குடித்ததும் சோப்புத் தேய்த்த தரையாகிவிடும். வியர்வையில் நனைந்த சட்டைமேல் காற்று அடித்துக் கை விறைக்கும். விறைத்த விரல் கல்லைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும், பிடித்திருக்காது. இத்தனையும் வருவதற்கு ஒரு பீடி பற்றவைத்து அணைக்கிற நேரம் ஆகாது. இதற்கு மேல் இடி வேறு. நம் பக்கத்தில் புரட்டாசி, ஐப்பசி மழை பெரும்பாலும் மாலையில் இடியோடுதான் வரும். மின்னல் உயரமான இடத்தைத்தான் தேடும், அந்த நேரம் முகட்டில் உயரமாக நிற்பது நீங்களாக இருப்பீர்கள்.

இந்த வெள்ளைக்குள்ளே கைபேசி வரைபடம் உங்களுக்கு ஒரு நீலப் புள்ளியைக் காட்டும். அந்தப் புள்ளி நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பத்தடி, இருபதடி தள்ளிக்கூடக் காட்டும். சாலையில் பத்தடி பிசகினால் ஒன்றுமில்லை. முகட்டில் பத்தடி பிசகினால் அங்கே தரையே இருக்காது.

வழிகாட்டி என்ன செய்கிறார் என்று நீங்கள் யாரும் உன்னித்துப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். அவர் முன்னால் நடக்கிறார், நாம் பின்னால் போகிறோம், அவ்வளவுதான் என்று நினைக்கிறீர்கள். பொதிகைக்குப் போயிருக்கிறீர்களா? அகத்தியமலை என்றும், மலையாளத்தில் அகத்தியர்கூடம் என்றும் சொல்லும் 1,868 மீட்டர் உச்சி. பாபநாசம் பக்கத்து வழி மூடிக் கிடப்பதால் கேரள வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, போணக்காட்டில் தொடங்கி, அதிருமலை முகாமில் இரவு தங்கித்தான் போக வேண்டும். கூட வருகிறவர்கள் பெரும்பாலும் காணிக்காரர்கள், அந்தக் காட்டிலேயே பிறந்த பழங்குடி மக்கள். உச்சிக்குக் கீழே பாறை செங்குத்தாக எழும்பும் இடத்தில் கயிறு கட்டியிருக்கும். காற்று ஆளைத் தள்ளும், மேகம் முகத்தில் அறையும்.

அங்கே எங்கள் முன்னால் போன காணிப் பெரியவரை நான் பார்த்துக்கொண்டே ஏறினேன். கயிற்றைத் தொடுவதற்கு முன் அவர் பாறையைத் தொட்டார். உள்ளங்கையை விரித்து வைத்து, ஒரு நொடி அப்படியே இருந்து, ஈரம் எவ்வளவு என்று பார்த்தார். பிறகு கயிற்றை மூன்று முறை வெடுக்கென்று இழுத்தார், மேலே கட்டு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. ஏறும்போது ஒரு காலை எடுத்தால் மற்ற காலும் இரண்டு கையும் பாறையில் இருந்தன. ஒரு கையை எடுத்தால் மற்ற மூன்றும் இருந்தன. இரண்டை ஒருசேர எடுத்து நான் பார்க்கவே இல்லை. எங்களில் ஒருவர் தரையில் கிடந்த கல்லை மிதித்து அது உருண்டபோது, திரும்பிப் பார்க்காமலே "கல்லு" என்று கத்தினார், கீழே இருந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடிக்க விடவில்லை. ஒருவர் மேலே போய்க் குரல் கொடுத்த பிறகே அடுத்தவர். இறங்கும்போது பாறையைப் பார்த்தபடி, முகத்தை மலைப்பக்கம் வைத்து இறங்கச் சொன்னார். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கால் இடறும், உச்சியைப் பார்த்துவிட்ட நிம்மதியும் முழங்கால் நடுக்கமும் அந்த நேரத்தில் சேர்ந்துகொள்ளும் என்பதை அவர் விளக்கிச் சொல்லவில்லை. "இப்பத்தான் பாத்து வரணும்" என்று மட்டும் சொன்னார்.

இப்படிப்பட்டவர்களின் அறிவு எவ்வளவு பெறும் என்பதற்கு அந்த மலையிலேயே ஒரு சாட்சி உண்டு. 1987இல் தாவரவியல் விஞ்ஞானிகள் சிலர் அகத்தியமலைக் காட்டுக்குள் போனார்கள், டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில். கூட வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் ஏதோ சின்னக் காயைப் பறித்து மென்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள், விஞ்ஞானிகளுக்கோ கால் நகரவில்லை. கேட்டு வாங்கித் தின்றதும் இவர்களுக்கும் தெம்பு வந்தது. அந்தச் செடிதான் ஆரோக்கியபச்சை. அதை ஆராய்ந்து, 'ஜீவனி' என்ற மருந்து செய்து, கோயமுத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தபோது, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் சரிபாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. 1997இல் அதற்காகக் காணி மக்களின் அறக்கட்டளை ஒன்றும் அமைந்தது. பிற்பாடு அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன, விவாதமும் நடந்தது. ஆனாலும் மலை தெரிந்தவனின் அறிவுக்கு விலை உண்டு, அதை முறையாகக் கொடுக்க வேண்டும் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? இதைக் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை பேரம். எழுநூறு கேட்டால் முந்நூறு. "சும்மா முன்னாடி நடக்கத்தானேண்ணே" என்று ஒரு வார்த்தை. பெட்ரோலுக்கும் போகிற வழியில் பிரியாணிக்கும் தலைக்கு எவ்வளவு ஆகிறது என்று உங்கள் குழுவிலேயே கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் வழிகாட்டிக்கு ஒரு வரி கிடையாது. கடைசியில் ஐந்நூறுக்குப் படிந்து, பாதி இப்போது, மீதி இறங்கின பிறகு என்று முடிப்பீர்கள். உங்களுக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிகிறது, பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட மாட்டான் என்று. அந்தப் பாதிக் கூலி மலைமேல் என்ன செய்கிறது என்று நான் பார்த்தேன்.

போன ஐப்பசியில் புளியஞ்சோலைப் பக்கம் நடந்தது. நம் ஊர்ப் பையன்கள் எட்டொன்பது பேர், கூட ஒரு வழிகாட்டி, நாற்பது வயதிருக்கும். நானும் இன்னும் இருவரும் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தோம். ஒரு பாறை முகட்டுக்குக் கீழே அவர் நின்றுவிட்டார். மேலே வெள்ளையாக மூடியிருந்தது. "தம்பிங்களா, மேல மூடிடுச்சு. இதோட போதும், இறங்கிடலாம்" என்றார். ஒரு பையன் கைபேசியை நீட்டிப் பிடித்தபடி, "அந்தப் பாறைமேல ஒரே ஒரு ரீல்ணே, அஞ்சு நிமிசம்" என்றான். அவர் மறுபடி வேண்டாம் என்றார். இன்னொருவன், "பாதி வழில திரும்பினா பாதிக் காசுதான், பேசினது உச்சிக்குத்தான்" என்றான். விளையாட்டாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா, எனக்குத் தெரியாது. அந்த மனிதர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேலே நடந்தார். பையன்கள் கைதட்டினார்கள்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் இறங்கிவந்தார்கள், ஒருவனுக்கு முழங்கை மட்டும் சிராய்ந்திருந்தது. ஆகாமல் போனதால்தான் அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அடுத்த முறையும் அதே பேரம் நடக்கும். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருநாள் கூலிக்கு வந்த மனிதரிடம், 'உண்மையைச் சொன்னால் இருநூற்றைம்பது ரூபாய் போய்விடும்' என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உங்களைக் காப்பாற்றுவதற்காக நீங்கள் கூட்டிவந்த ஆள், உங்களைக் காப்பாற்றினால் அவருக்கு நஷ்டம் என்று ஏற்பாடு செய்துவைத்திருக்கிறீர்கள்.

நம் ஊர் அரிசி ஆலைகளில் பாய்லர் அறைக்குள் புதுப் பையனைத் தனியாக விடுவார்களா? பழகின ஆள் கூட நிற்பார். அவர் "வால்வைத் தொடாதே" என்றால் முதலாளியே ஆனாலும் கையை எடுத்துவிடுவார், அதற்காக அந்த ஆளின் அன்றைய கூலியைப் பிடிப்பதும் இல்லை. அந்த நியாயம் மலையேறும்போது நமக்கு ஏன் மறந்துபோகிறது?

பழைய காலத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1344ஆம் ஆண்டு. மொராக்கோ நாட்டு இபின் பதூதா கப்பலில் இலங்கைக் கரையில் புத்தளத்துக்கு வந்து சேர்கிறார். அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. என்ன வேண்டும் என்று மன்னர் கேட்க, சிவனொளிபாத மலைக்குப் போக வேண்டும் என்கிறார் பயணி. ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், அந்தணர் மூவர், தம் ஆட்களில் பத்துப் பேர், சாப்பாடு சுமக்கப் பதினைந்து பேர், எல்லோரையும் மன்னரே கூட அனுப்பிவைத்தார். 2,243 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அறைந்து, பிடித்து ஏறச் சங்கிலி தொங்கவிட்டிருந்ததையும் இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். பத்துச் சங்கிலிகள். கடைசிச் சங்கிலிக்கு இஸ்லாமிய நம்பிக்கை மொழியான கலிமாவின் பெயர், அங்கே நின்று கீழே பார்க்கிறவன் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா சொல்லத் தொடங்குவதால். அந்த யோகிகளின் சாப்பாடு பயணியின் கையில் இல்லை. திரும்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் தயங்காமல் சொல்லக்கூடியவர்களாக அவர்கள் இருந்தார்கள். எல்லா நாடும் கடல்வழியும் பார்த்த ஒரு மனிதர், ஊர்க்காரர்களை முன்னால் விட்டுப் பின்னால் நடப்பதைக் குறைவாக நினைக்கவில்லை.

நம் பர்வதமலைக்கு வாருங்கள். அங்கே செங்குத்துப் பாறையில் கடப்பாறைகளை அறைந்து சங்கிலி கட்டியிருக்கும் இடத்துக்குக் கடப்பாறை நெட்டு என்றே பெயர். முன்னோர்கள் இரும்பு அறைந்தார்கள் என்றால் அங்கே ஆட்கள் விழுந்தார்கள் என்று அர்த்தம். அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் படம் எடுப்பவர்களையும் பார்த்துவிட்டேன்.

2018 மார்ச் 11ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், உங்களில் சின்னவர்கள் அப்போது பள்ளியில் இருந்திருப்பீர்கள். தேனி மாவட்டம் குரங்கணியில் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்தது. 23 பேர் போய்விட்டார்கள். அனுமதி வாங்கிய தடம் வேறு, போன தடம் வேறு என்று வனத்துறை பிறகு சொன்னது. அங்கே விழுங்கியது தீ, நான் பேசுவது மேகத்தையும் பாறையையும். ஆனாலும் ஒன்று பொது. அரசு வண்டிகளும் ஹெலிகாப்டரும் வந்து சேர்வதற்கு முன் அந்தச் சரிவில் ஏறிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கிவந்தவர்கள் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் பழங்குடி மக்களும்தான். விபத்துக்குப் பிறகு நாம் தேடும் அதே ஆட்களிடம், விபத்துக்கு முன்பு முந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். மலைமேல் 108 வராது, அடிவாரம் வரைதான் வரும். மீதித் தூரத்துக்குப் போர்வையில் தூளி கட்டி நான்கு தோள்கள் தூக்க வேண்டும், அவை எந்த ஊர்த் தோள்கள் என்று யோசியுங்கள்.

குரங்கணிக்குப் பிறகுதான் 2018இல் மலையேற்றத்துக்கு என்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையும் அரசின் வனானுபவக் கழகமும் சேர்ந்து 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் திறந்தன. எளிது, நடுத்தரம், கடினம் என்று தடங்களைப் பிரித்து, மலையோர ஊர் இளைஞர்களுக்கும் பழங்குடி இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். கட்டணம் அதிகம் என்று நீங்கள் முணுமுணுப்பது தெரியும். எனக்கும் சில தடங்களின் கட்டணம் கூடுதலாகத்தான் படுகிறது, மாணவர்களுக்குக் குறைத்தால் நல்லது. ஆனால் அதில் ஒரு காரியம் சரியாக இருக்கிறது. பணத்தை முன்பதிவின்போதே கட்டிவிடுகிறீர்கள், வழிகாட்டிக்கான தொகையும் அதிலேயே அடங்கிவிடுகிறது. மலைமேல் உங்களுக்கும் அவருக்கும் நடுவே காசுப் பேச்சு கிடையாது. திரும்பச் சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்காது.

தங்கைகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அகத்தியமலைக்குப் பெண்கள் போகலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2018இல் சொன்ன பிறகு, 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் முதலில் போய்வந்தார். இப்போது நீங்களும் குழுவாகக் கிளம்புகிறீர்கள், சந்தோஷம். ஆனால் "பொண்ணுங்கதான் பயந்துட்டாங்க" என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக, உங்கள் மனசு வேண்டாம் என்று சொல்லும் பாறையில் ஏறாதீர்கள். குழுவில் திரும்பலாம் என்று முதலில் வாய் திறக்கிறவர் நீங்களாக இருந்தால், உங்கள் பக்கத்தில் நிற்கிற தம்பிகளில் பாதிப் பேர் மனசுக்குள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள். அவர்களுக்கும் பயம்தான், சொல்லத்தான் வராது.

இன்னொரு கூட்டமும் இந்த மடலைப் படிக்க வேண்டும். விளம்பரம் போட்டுத் தலைக்குப் பணம் வசூலித்து இருபது, முப்பது பேரைக் கூட்டிப்போகும் அமைப்பாளர்களே, நீங்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். போக்குவரத்து, டீ-சர்ட், சாப்பாடு எல்லாம் ஒழுங்காகச் செய்கிறீர்கள். ஆனால் முகட்டுக்கு அழைத்துப்போகும்போது உங்கள் கையில் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது, கயிறு இல்லை. முப்பது பேருக்கு ஒரு வழிகாட்டி என்றால், மேகம் இறங்கியதும் பின்னால் இருக்கிற இருபத்தைந்து பேருக்கு வழிகாட்டி இல்லை. ஆறேழு பேருக்கு ஒருவர் என்று வையுங்கள். முடியாவிட்டால் அடிவாரத்துக் காட்டை மட்டும் காட்டிக் கூட்டிவாருங்கள், அதுவும் அழகுதான். இன்னார் இன்னார் போகிறோம், இந்த நேரத்துக்குள் இறங்குவோம் என்று அடிவாரத்துக் கடையிலோ வனத்துறை ஆட்களிடமோ எழுதிக்கொடுத்துவிட்டு ஏறுங்கள். அனுமதி இல்லாத காட்டுக்குள் யாரையும் கூட்டிப்போகாதீர்கள். பணம் வாங்கிய பிறகு அந்த உயிர்கள் உங்கள் பொறுப்பு.

உங்கள் எல்லோரிடமும் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. தலைக்கு எவ்வளவு என்று குழுவில் கணக்குப் போடும்போது, பெட்ரோலுக்கு முன்னால் வழிகாட்டியின் கூலியை எழுதுங்கள். அந்தந்த மலையடிவாரத்து ஊரில் விசாரித்து, அந்த மலையில் நடந்து பழகியவரை முதல்நாளே பேசி வையுங்கள். ஏறத் தொடங்கும் முன்பே முழுக் கூலியையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள், பாதி பாக்கி வைக்காதீர்கள். கொடுக்கும்போது எல்லோர் முன்னிலையிலும் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, உச்சிக்குப் போனாலும் சரி, பாதியில திரும்பினாலும் சரி, காசு இதுதான். நீங்க திரும்பச் சொன்னா நாங்க திரும்பிடுவோம்." அப்படிச் சொல்லிவிட்டால், ரீல் கேட்கிறவனும் அதைக் கேட்டிருப்பான், உச்சிக்குத்தான் காசு என்று வாதாட வருகிறவனும் கேட்டிருப்பான். அதற்குப் பிறகு அவர் மேகத்தைப் பார்த்து நின்றால் நீங்களும் நில்லுங்கள். அவர் திரும்பினால் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்புங்கள்.

இந்த வாரமே உங்கள் குழுவில் இதைப் போட்டுப் பேசுங்கள். முதல் சனிக்கிழமைக்கு முன்பே ஆளைப் பேசி முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்
மண்ணச்சநல்லூர்